நேருக்கு நேர்: பிரான்ஸ் வானத்திலிருந்து பர்லியார் வளைவுக்கு

1942 நவம்பர் 23. பிரான்ஸின் சென் நசேர் துறைமுகத்தின் மீது குண்டுபோட அமெரிக்காவின் பி-17 விமானங்கள் வந்தன. எகோன் மாயர் தலைமையில் கிளம்பிய ஜெர்மன் சண்டை விமானங்கள் வழக்கம்போல் பின்னால் துரத்தவில்லை. முன்னால் போய்த் திரும்பி, நேர் எதிரே பாய்ந்தன. பி-17இன் வால் பக்கம் துப்பாக்கிகள் பலம். மூக்குப் பக்கம்தான் காவல் குறைவு.

உத்தி புதிதல்ல. 1940லேயே பிரிட்டனின் 111ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன் விமானங்களில் இதைச் செய்து பார்த்திருந்தது. ஆனாலும் இதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். மணிக்கு 600 கிலோமீட்டரில் ஒருவர், 300இல் இன்னொருவர் எதிரெதிரே வந்தால் இடைவெளி நொடிக்கு 250 மீட்டர் சுருங்கும். 500 மீட்டரில் சுட ஆரம்பித்தால் முட்டிக்கொள்ள இரண்டு நொடி. விலகுவதற்கும் அதிலேதான் நேரம் ஒதுக்க வேண்டும். 1943இல் பி-17ஜி ரகத்துக்கு மூக்கின் அடியில் இரட்டைத் துப்பாக்கி வைத்து அமெரிக்கர்கள் பதில் சொன்னார்கள். மாயர் 1944 மார்ச்சில் வான்சண்டையில் இறந்தார். உத்தி பிழைத்துக்கொண்டது.

எண்பதுகளின் கடைசியில் ‘ஏர் வாரியர்’, 2001இல் ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’, பிறகு ‘வார் தண்டர்’ என்று அது கம்ப்யூட்டர்களுக்குள் குடியேறியது. அங்கே அதன் குணமே மாறிவிட்டது. மாயரின் எதிரி சட்டென்று திரும்ப முடியாத கனத்த குண்டுவீச்சு விமானம். விளையாட்டிலோ இரண்டு பக்கமும் சண்டை விமானம், இரண்டு மூக்கிலும் துப்பாக்கி. யார் விழுவார் என்பது பூவா தலையா போடுவதுதான். செத்தால் என்ன, சற்று நேரத்தில் அடுத்த விமானம் கிடைக்கும். அதனால் புதிதாக வந்தவர்கள் யாரும் விலகுவதில்லை. பழகியவர்களுக்கு இது ஆகவே ஆகாது. ஒற்றைக்கு ஒற்றை மோதும்போது, முதல் தடவை எதிர்ப்படுகையில் சுடக் கூடாது, ஒருவரை ஒருவர் கடந்த பிறகே சண்டை தொடங்கும் என்று தங்களுக்குள் ஒரு மரியாதை வைத்துக்கொண்டார்கள்.

மரியாதை தெரியாதவன் எதிரே வந்தால்? அவன் குறிக்கு மூக்கைக் கொடுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் கீழே ஒதுங்க வேண்டும். அவன் கடப்பதற்கு முன்பே திருப்பத்தைத் தொடங்கிவிட வேண்டும். அவன் வெறும் வானத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது நாம் பாதி வளைந்து அவன் முதுகுப் பக்கம் வந்திருப்போம். ஒதுங்கியவனுக்கு இது கோழைத்தனமல்ல, லாபம்.

மோதிவிட்டால் இன்னொரு வழக்கு. குன்னூரில் ஒரு பையன், ஐரோப்பாவில் ஒருவன். செய்தி போய்ச் சேர 0.2 நொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 250 மீட்டர் கணக்கில் அது 50 மீட்டர் பிசகு. இங்கே திரையில் தாராளமாக விலகிப் போயிருப்பார்கள், அங்கே திரையில் இறக்கை ஒடிந்திருக்கும். எது நிஜம்? 2000இல் வந்த ‘ஏசஸ் ஹை’ இதற்கு ஒரு தீர்ப்பு வைத்தது: எவன் திரையில் மோதல் நடந்ததோ, அவன் விமானத்துக்கே சேதம். ஒருவன் விழ, மற்றவன் ஒன்றும் ஆகாமல் பறப்பதைப் பார்த்து இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கண்ணால் கண்டவனால்தானே தவிர்த்திருக்க முடியும்?

நிஜ வானத்தில் பேரத்துக்கு இடமில்லை. நேர் எதிரே வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் அதற்கு முதலில் கண்ணில் பட வேண்டும். 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் டெல்லிக்கு இறங்கி வந்த கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது உடனடிக் காரணம். வருவதற்கும் போவதற்கும் டெல்லியில் ஒரே வான்பாதை இருந்ததும் ஒரு காரணம். அதன் பிறகு பாதைகளைப் பிரித்தார்கள்.

மலைப்பாதையில் கதை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி பர்லியார் நோக்கி ஏறும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இருவரும் ஒதுங்க இடமில்லை, ஒருவர்தான் நிற்க முடியும். யார்? ஏறுகிற வண்டிக்கு வழி என்பது டிரைவர்களின் பழைய வழக்கம். 1989இன் சாலை விதிகளிலும் அது இருந்தது. பாரம் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முனகிக்கொண்டு வருகிறது. அதை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைத் தேய்த்து, பின்னுக்கு உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். கிளீனரே இல்லாத லாரிகள்தான் இப்போது நிறைய. கீழ் கியரில் இறங்குகிறவருக்கு அந்தப் பாடு இல்லை. பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினால் போதும். சமவெளியிலிருந்து வரும் கார்க்காரர்களில் பலருக்கு இது தெரியாது. லைட்டைப் பளிச்சிட்டுவிட்டு நடு ரோட்டில் வருவார்கள். கியரிலேயே இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பி வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கு வந்தால் மட்டும் எல்லோருக்கும் விதி தெரிந்துவிடும்.

கோடை சீசனில் கூட்டம் மிஞ்சும்போது மாவட்ட நிர்வாகம் டெல்லியின் வழியையே எடுக்கும். ஊட்டிக்கு ஏறும் சுற்றுலா வண்டிகள் பர்லியார், குன்னூர் வழியாக. இறங்குபவை கோத்தகிரி வழியாக. யாருக்கு யார் வழி விடுவது என்ற பேச்சே குறைந்துவிடும். பர்லியார் பழக்கடைக்காரர்களுக்குத்தான் கணக்கு உதைக்கும். வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவது இறங்குகிற கூட்டம், அது அன்றைக்கு அந்தப் பக்கமே வராது.