முனியறையும் குள்ளர் வீடும்: ஒரு கற்பனையின் சொல் வரலாறு

1. முன்னுரை

மனிதரைப் போலவே பேசியும் உழைத்தும் உறவு பூண்டும் வாழ்கின்ற குள்ளர் இனம் ஒன்று உண்டு என்னும் கற்பனை உலக மொழிகள் பலவற்றில் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு விரிவான இலக்கிய வடிவம் தந்தவர் ஆங்கில மொழியியலறிஞர் ஜே.ஆர்.ஆர். டோல்கியன். 'தி ஹாபிட்' (1937), 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) ஆகிய நூல்களில் வரும் குள்ளர்க்குத் தனிமொழியும் கைத்தொழிலும் குலவரலாறும் உண்டு. அவர்களுட் பலருடைய பெயர்கள் பழைய நார்ஸ் மொழிப் பாடலொன்றில் உள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. குள்ளர் மக்களுள் பெண்டிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்பதற்கு அப்பால் டோல்கியன் அவர்களைப் பற்றிக் கூறியது மிகக் குறைவு. அவ்வெற்றிடத்தை அவருடைய வாசகர்கள் பின்னர்த் தாமே எழுதிய கதைகளால் நிரப்பினர். குள்ளரின் உணவு, உடை, மணமுறை, ஈமச் சடங்கு ஆகியவற்றைக் கற்பித்துக்கொண்டனர். பெயர்ப் பட்டியல் இனமாயிற்று. இனத்தின் வெற்றிடங்கள் பண்பாடாயின.

வெற்றிடம் ஒன்றைக் குள்ளரைக் கொண்டு நிரப்பும் இச்செயல் அச்சு நூல்களுக்கு முன்பே தென்னிந்தியாவில் நிகழ்ந்துள்ளது. தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு மாவட்ட மலைப்பகுதிகள் இதனை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். ஒரு பகுதியில் ஆளற்ற கல்லறைகளுக்கு ஆள் கற்பிக்கப்பட்டது. மற்றொரு பகுதியில் வாழும் மக்கள்மீது பழங்குள்ளர் என்னும் கற்பனை ஏற்றப்பட்டது. இவ்விரண்டிலும் சொல் ஆற்றிய பங்கினை ஆராய்வதும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைக்கும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மறையூர் முனியறைகள்

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் உள்ளது மறையூர். சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற இவ்வூர் அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அஞ்சுநாட்டின் பழங்குடியேற்றத்தார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது அங்கு வழங்கும் மரபு. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இப்பகுதியில், பாம்பாற்றின் கரையை அடுத்த பாறைப் பரப்புகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் பல உள்ளன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை வைத்து அமைக்கப்பட்டவை இவை. பல சிதைந்துவிட்டன, எஞ்சியவற்றுள் ஒருவர் நிமிர்ந்து நிற்க இயலாது.

இவற்றை அப்பகுதி மக்கள் 'முனியற' என்பர். முனிவர் தவமிருந்த அறை என்பது பொருள். இச்சொல்லின் ஈற்றுறுப்பாகிய 'அற' தமிழின் 'அறை'யே. இதே உறுப்பு 'கல்லறை' என்னும் சொல்லில் இறந்தோர் இடத்தைக் குறிக்கிறது. மறையூர்த் திட்டைகளும் உண்மையில் கல்லறைகளே. ஆயினும் 'முனி' என்பது முன்னுறுப்பாக வந்தவுடன் அறை உறைவிடமாகிவிடுகிறது. அங்கு இருந்தவர் இறந்தவர் அல்லர், உயிரோடு தவம் புரிந்தவர் என்றாகிறது. ஈமச் சின்னம் என்னும் நினைவு மறைந்தபின், அவ்விடத்தில் ஒரு புதிய ஆள் தோன்றுகிறார்.

3. வீடும் குடியிருப்பவரும்

இத்தகைய பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூர்ப் பகுதியில் பெருங்கற்காலச் சின்னங்களை 'வாலியர் வீடு' என வழங்குவர். வாலியர் என்போர் உருவிற் சிறியவர், ஆயின் பேராற்றல் உடையவர் என்பது செவிவழிச் செய்தி. கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டத்தைச் சேர்ந்த ஹிரேபெணகல் மலையில் உள்ள நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் மோரியர் என்னும் குள்ள மக்களின் மனைகளாகக் கருதப்பட்டன. மலபாரில் இச்சின்னங்களுக்குப் 'பாண்டுகுழி' என்னும் பெயர் வழங்கியது. பாண்டவரோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. ஜே. பாபிங்டன் அங்கு அகழ்ந்து கண்டவற்றைப் பற்றிய கட்டுரை 1823-இல் பம்பாய் இலக்கியக் கழக வெளியீட்டில் இதே பெயருடன் அச்சாயிற்று.

முனியறை, வாலியர் வீடு, மோரியர் மனை ஆகியவை உடைமைப் பொருள் தரும் தொடர்கள். இவற்றின் ஈற்றுறுப்பு மாறினும் பொருள் மாறுவதில்லை. அது எப்போதும் உறைவிடத்தையே சுட்டுகிறது. முன்னுறுப்போ ஊர்தோறும் மாறுகிறது. இதனால் முதலில் நிலைபெற்றது 'வீடு' என்னும் கருத்தே எனவும், அதன் பின்னரே 'யாருடைய வீடு' என்னும் வினா எழுந்தது எனவும் கருதலாம். நிற்கவியலாத வீட்டில் வாழ்ந்தவர் யார்? தவத்தில் அமர்ந்தே இருக்கும் முனிவர் என்பது ஒரு விடை. குள்ளர் என்பது மற்றொரு விடை. பலகைக் கற்களின் பேரெடை இரண்டாவது விடைக்கு ஒரு திருத்தம் தந்தது: குள்ளராயினும் அவர்கள் பேராற்றலர். கதையின் பண்புகள் அனைத்தும் கல்லின் அளவிலிருந்தே பெறப்பட்டவை.

இவ்வொழுங்கு தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மேற்குக் காக்கசஸ் மலைப்பகுதியின் அதிகே மக்கள் கல்திட்டையை 'இஸ்புன்' என்பர். 'இஸ்பி' என்னும் குள்ளரின் வீடு என்பது இதன் பொருள். அக்குள்ளர் முயல்மேல் ஏறிச் செல்வர் என்பது அவர்கள் கதை. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் கல்திட்டைகள் 'கொரிகான்' எனப்படும் குள்ளரின் இல்லங்களாகக் கருதப்பட்டன. ஆனால் ஜெர்மனியிலோ இவை அரக்கரின் கல்லறைகள் எனப் பெயர் பெற்றன. உட்புறத்தின் சிறுமையைக் கண்டு வீடு என்றவர் குள்ளரைக் கற்பித்தனர். கல்லின் பெருமையைக் கண்டு கல்லறை என்றவர் அரக்கரைக் கற்பித்தனர். சின்னம் ஒன்றே; பெயர்ச்சொல் எதுவோ அதற்கேற்பக் கதைமாந்தர் வேறுபட்டனர்.

4. தாழியும் சுருங்கிய முதியோரும்

தமிழகத்தில் முதுமக்கள் தாழி பற்றி வழங்கும் கதை இக்கருத்தை மேலும் தெளிவாக்கும். முற்காலத்தில் மனிதர் எளிதில் இறப்பதில்லை. முதுமை மிக மிக உடல் குறுகி, விளக்கு வைக்கும் மாடக்குழியில் வைக்கும் அளவுக்குச் சிறுத்துவிடுவர். பின் உணவும் நீரும் உடன் வைத்து அவர்களைத் தாழியில் இட்டனர் என்பது அக்கதை. தாழியின் வாய் குறுகியது. உள்ளே எலும்பும் சிறு கலங்களும் கிடக்கின்றன. எலும்பைப் பின்னர்ச் சேர்த்து இடும் வழக்கம் மறக்கப்பட்ட நிலையில், முழு மனிதர் உள்ளே நுழைய வேண்டுமாயின் அவர் சிறுத்திருக்க வேண்டும் என மக்கள் முடிவு செய்தனர்.

சங்ககாலத்தில் இந்நினைவு மறையவில்லை. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாடல் (புறநானூறு 228) தாழி வனையும் குயவனை விளித்து அமைந்தது. அம்மன்னன் புகழுக்கேற்ற பெருந்தாழியை வனைய அவனால் இயலுமா என்பதே அதன் கருத்து. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையும் தாழியில் கவிப்பதை ஈமமுறைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. புலவர்க்குத் தாழி எதற்கு உரியது என்பது தெரியும். ஆகவே இறந்தவன் பெருமைக்கு ஏற்பத் தாழியை விரிக்கிறார். பிற்காலக் கதைக்கு அது தெரியாது. ஆகவே தாழிக்கு ஏற்ப மனிதரைச் சுருக்குகிறது. குள்ளர் தோன்றுவது இம்மறதியிலிருந்தேயாகும்.

5. தமிழில் குறள் என்பது அளவு

இனி, குள்ளரைக் குறிக்கும் சொற்களின் இயல்பை நோக்கலாம். பழந்தமிழில் குட்டையான உருவினரைக் குறிப்பது 'குறள்'. கலித்தொகை மருதப் பாடலொன்றில் (94) குறளனும் கூனியும் ஒருவரையொருவர் எள்ளிப் பேசிக் காதல் கொள்கின்றனர். சிலப்பதிகாரத்தில் கூனும் குறளும் அரண்மனைப் பணியாளராக வருகின்றனர். வாமனன் குறளுருவினன், அகத்தியர் குறுமுனி. இவர்களுள் எவரும் தனியினத்தைச் சேர்ந்தவராகக் கூறப்படவில்லை.

யாப்பிலக்கணம் இதனைத் திட்டமாகக் காட்டுகிறது. குறளடி, சிந்தடி, அளவடி, நெடிலடி, கழிநெடிலடி என்னும் ஐந்தடிப் பெயர்களை விளக்கும் உரையாசிரியர் மரபு, மனித உயரத்தையே உவமையாக்குகிறது. மிகக் குறியவன் குறளன், அவனினும் சற்று நெடியவன் சிந்தன், இடைப்பட்டவன் அளவிற்பட்டவன், பின் நெடியவன், மிக நெடியவன் என அது வரிசைப்படுத்தும். குறள் என்பது ஓர் அளவுகோலின் முதற்படி. அளவிற்பட்டவன் நிற்கும் அதே கோலில் நிற்பது. நார்ஸ் மொழியின் 'துவெர்கர்' என்னும் சொல்லோ அளவைக் குறிப்பதன்று. கடவுளர், அரக்கர், மனிதர் என்பவற்றோடு ஒப்ப எண்ணப்படும் ஒரு வகையினரின் பெயர்.

தமிழ் மரபில் இவ்வகைப் பெயருக்கு நெருங்கி வருவது 'பூதம்' எனலாம். பல்லவர், சோழர் கோயில்களின் கூரை விளிம்புக்குக் கீழ் வரிசையாகச் செதுக்கப்பட்ட பூதகணங்கள் குறுகிய காலும் பருத்த வயிறும் உடையவை. மண்ணுக்குள் இருக்கும் புதையலைப் பூதம் காக்கும் என்பதும் பரவலான நம்பிக்கை. நார்ஸ் குள்ளரின் உருவமும் புதைபொருள் தொடர்பும் இங்கு உள்ளன. குலமும் ஊரும் தொழிலும் இல்லை.

6. காடர்மீது ஏற்றப்பட்ட கற்பனை

கற்பனை கல்லோடு நின்றிருப்பின் தீங்கு குறைவு. அது மக்கள்மீது ஏறியதைப் பாலக்காட்டு மலைகளில் காண்கிறோம். பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, ஆனைமலை ஆகிய பகுதிகளில் வாழும் காடர் ஒரு திராவிட மொழியைப் பேசுவோர். தேனும் கிழங்கும் பிற வனப்பொருளும் திரட்டி வாழ்ந்தவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில், குள்ளர் கதைகள் யாவும் உண்மையில் வாழ்ந்த குட்டை இனம் ஒன்றின் நினைவே என்னும் கோட்பாடு பரவியது. டேவிட் மெக்ரிச்சி 1890-இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. மானிடவியலில் 150 செ.மீ. என்னும் உயரம் 'பிக்மி' இனங்களுக்கு எல்லையாகக் கொள்ளப்பட்டது. இச்சூழலில் எட்கர் தர்ஸ்டன் காடரை அளந்து 1899-இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். 1920-களின் இறுதியில் பி.எஸ். குகா, பரம்பிக்குளம் காடர் சிலரின் சுருள் முடியைச் சான்றாக்கி, இந்தியாவில் 'நெக்ரிட்டோ' கூறு உண்டென 'நேச்சர்' இதழில் எழுதினார். 'நெக்ரிட்டோ' என்பது 'சிறிய கறுப்பர்' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல். தர்ஸ்டன் அளந்த காடர் ஆடவரின் சராசரி உயரமோ ஏறத்தாழ 157 செ.மீ.; 'பிக்மி' எல்லைக்குள் அது அடங்காது. ஆயினும் பெயர் நிலைத்தது. அளவுச் சொல் இனப் பெயராகியது. இனங்களை இவ்வாறு வகுக்கும் முறையை இன்றைய மானிடவியல் கைவிட்டுவிட்டது. பாடநூல்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் அப்பெயர் அத்துணை விரைவில் நீங்கவில்லை.

முனியறையில் ஆளில்லாத இடத்திற்கு ஆள் கற்பிக்கப்பட்டது. பரம்பிக்குளத்தில் ஆளிருந்தும், அவர் பிறிதொரு காலத்து எச்சமாகக் காணப்பட்டார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட எரென்பெல்சின் நூலில் காடரின் குடும்பமும் சடங்கும் அன்றாட வாழ்வும் விரிவாக இடம்பெற்றன. மண்டையோட்டு அளவைக்கு அப்பால் அவர்கள் ஒரு சமூகம் என்பதை உணர இத்தகைய பதிவே தேவைப்பட்டது.

7. முடிவுரை

கனவுருப் புதினங்களின் குள்ளரைத் தமிழாக்குவோர் முன் இவ்வரலாறு ஒரு தேர்வை வைக்கிறது. சிறுவர் நூல்களில் வழங்கும் 'சித்திரக்குள்ளர்' விளையாட்டுப் பொருளைத் தருவது. 'குள்ளர்' என்பது இன்று உயரம் குறைந்தோரை எள்ளும் சொல்லாகவும் வழங்குகிறது. புதினத்தில் அது இனப் பெயராகும்போது வாழும் மனிதர்மீதும் அவ்வினத்தின் நிழல் விழும். டோல்கியன்கூடத் தம் குள்ளரை வேடிக்கைக் கதைகளின் குள்ளரிடமிருந்து பிரித்துக் காட்டவே ஆங்கிலத்தில் வழக்கிலில்லாத பன்மை வடிவத்தைக் கையாண்டதாக விளக்கியுள்ளார். 'குறளர்' என்னும் வடிவம் தமிழில் அத்தகைய விலகலைத் தரவல்லது. பழமையும் மதிப்பும் உடையது; அன்றாட ஏளனத்தில் வழங்காதது. எனினும் அது அளவுப் பெயர் என்பதை மறத்தலாகாது. அதனை இனப் பெயராக்குவது மொழிபெயர்ப்பாளரே, அப்பொறுப்பு அவருடையது.

மறையூரின் கற்கள் யாருக்காக எழுப்பப்பட்டனவோ அவர்கள் நம்மை ஒத்த உயரம் உடையவர்களே. அவர்களைச் சுருக்கியது காலமன்று. 'அறை' என்றும் 'வீடு' என்றும் பின்வந்தோர் இட்ட பெயரே.