அறுகோண ரிங்கும் ஒற்றை வாடிக்கையாளரும்: டி.என்.ஏ. மல்யுத்த நிறுவனத்தின் அடையாளச் சிக்கல்

2001 மார்ச்சில் வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் பெரும்போட்டியாளரான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியது. அடுத்த மாதமே ஃபிலடெல்ஃபியாவின் இ.சி.டபிள்யூ. திவால் மனுத் தாக்கல் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் நாடு தழுவிய தொலைக்காட்சி நேரம் பெற்ற நிறுவனம் அதன்பின் ஒன்றே ஒன்றுதான். ஓராண்டு கழித்து, 2002 ஜூன் 19 அன்று, அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் ஜெரி ஜாரெட்டும் அவர் மகன் ஜெஃப் ஜாரெட்டும் டி.என்.ஏ. என்ற புதிய நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சியை நடத்தினார்கள்.

டி.என்.ஏ.வின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதை மனிதர்களின் தவறுகளாகவே சொல்கிறார்கள். உரிமையாளர் டிக்சி கார்ட்டரின் அனுபவமின்மை, ஹல்க் ஹோகனின் தன்முனைப்பு, எரிக் பிஷாஃபின் பழைய பாணி என்று பட்டியல் நீளும். அந்தத் தவறுகள் நடந்தவைதாம். ஆனால் ஆட்கள் மாறியபோதும் தவறு மாறவில்லை என்பதை இந்த விளக்கம் கவனிப்பதில்லை. தனக்கென்று ஒன்றை உருவாக்குவதும், அது வேர்விடும் நேரத்தில் அதைக் கைவிட்டு எதிராளியின் சாயலைத் தேடிப் போவதும் பல நிர்வாகங்களின் கீழ் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. அந்தந்தக் காலத்தில் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பார்த்தால்தான் இது விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சந்தைப் போட்டி பற்றிய இரண்டு கோட்பாடுகள் இங்கே உதவும். 1929இல் ஹெரால்ட் ஹோட்டலிங், போட்டியாளர்கள் ஒருவரையொருவர் நெருங்கி நடுவில் குவிவதற்கான காரணத்தை விளக்கினார். 1985இல் கிளென் கேரல் அமெரிக்க நாளிதழ்களை ஆராய்ந்து ஏறக்குறைய எதிர்த்திசையில் ஒரு முடிவைச் சொன்னார்: பெரு நிறுவனங்கள் நடுச்சந்தையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையொன்று விழுங்கும்போது ஓரங்கள் காலியாகின்றன, அங்கே தனித்தன்மையுள்ள சிறு நிறுவனங்கள் தழைக்கின்றன. கேரலின் கணக்குப்படி 2001க்குப் பிந்தைய மல்யுத்தச் சந்தை ஒரு சிறு நிறுவனத்துக்குப் பொன்னான நிலம். டி.என்.ஏ. அந்த ஓரத்தில்தான் பிறந்தது. பிறகு ஏன் ஹோட்டலிங் சொன்ன நடுவை நோக்கி நடந்தது?

தொடக்கத்தில் டி.என்.ஏ.வுக்குத் தொலைக்காட்சி இல்லை. வாரம் ஒரு முறை 9.95 டாலர் கட்டி வீட்டிலிருந்து பார்க்கும் கட்டணக் காட்சியே அதன் வாழ்வாதாரம். வருமானத்தின் பெரும்பகுதி பார்ப்பவரின் பையிலிருந்து நேராக வந்தாக வேண்டும். இந்தக் காலத்தில்தான் எக்ஸ் டிவிஷன் உருவானது. எடை வரம்பை அளவுகோலாக வைக்காமல், வேகத்தையும் துணிச்சலான வான்வழிப் பாய்ச்சல்களையும் வைத்து அமைத்த பிரிவு அது. ஏஜே ஸ்டைல்ஸ், லோ கீ, ஜெரி லின், பின்னர் கிறிஸ்டோபர் டேனியல்ஸ், சமோவா ஜோ ஆகியோர் அதன் முகங்கள். பெருத்த உடலையே நட்சத்திரத்தின் இலக்கணமாகக் கொண்ட டபிள்யூ.டபிள்யூ.இ.யில் (டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் புதிய பெயர்) இவர்களில் பலருக்கு அன்று இடமில்லை. எதிராளி தேவையில்லை என்று ஒதுக்கியதே இங்கே முதலீடானது. 2005 செப்டம்பரில் ஸ்டைல்ஸ், ஜோ, டேனியல்ஸ் மூவரும் மோதிய ஆட்டத்துக்கு விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். டி.என்.ஏ.வின் ஆட்டம் ஒன்று அந்த மதிப்பைப் பெற்றது அதுவே முதல் முறை.

இந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. வாராந்தரக் கட்டணக் காட்சி நட்டத்தில்தான் ஓடியது. 2002ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே டிக்சி கார்ட்டரின் குடும்ப நிறுவனமான பாண்டா எனர்ஜி பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. என்.டபிள்யூ.ஏ. என்ற பழைய கூட்டமைப்பின் பட்டத்தை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஜெஃப் ஜாரெட்டே தன் இடுப்பில் நெடுநாள் கட்டிக்கொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். அடையாளம் இருந்தது, அதைத் தாங்கும் வரவு இல்லை.

வரவைத் தேடித் தொலைக்காட்சியிடம் போனார்கள். 2004 ஜூனில் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் நெட்டில் ‘இம்பேக்ட்’ தொடங்கியது. ஒளிபரப்பு நேரத்துக்கு டி.என்.ஏ.தான் பணம் கட்டியது. சேனலைத் திருப்பும் விரல் ஒரு நொடியில் ‘இது வேறு’ என்று உணரவேண்டும் என்பதற்காக நான்கு பக்க ரிங்கைக் கைவிட்டு அறுகோண ரிங்கைக் கொண்டுவந்தார்கள். மெக்சிகோவின் டிரிபிள் ஏ நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்த வடிவம் அது. வெளித்தோற்றம்தானே என்று சிலர் எள்ளினாலும் ரசிகர்கள் அதைத் தங்கள் கொடியாக ஏற்றுக்கொண்டார்கள்.

2005 அக்டோபரில் கிடைத்த ஸ்பைக் டி.வி. வாய்ப்புதான் உண்மையான திருப்பம். அந்தச் சேனலின் முந்தைய கதை தெரிந்தால் இதன் பொருள் தெளிவாகும். ஸ்பைக்கின் பழைய பெயர் டி.என்.என். 1999 ஆகஸ்டில் அது இ.சி.டபிள்யூ.வுக்கு முதல் தேசிய ஒளிபரப்பைக் கொடுத்தது. 2000 செப்டம்பரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ‘ரா’ நிகழ்ச்சி அங்கே வந்ததும் அடுத்த மாதமே இ.சி.டபிள்யூ.வை வெளியே அனுப்பியது. 2005இல் ‘ரா’ யு.எஸ்.ஏ. நெட்வொர்க்குக்குத் திரும்பிப் போனபோது அந்தக் காலியிடத்தில் டி.என்.ஏ. உட்கார்ந்தது. ஆக, இரண்டு சிறு நிறுவனங்களின் தலையெழுத்தை ஒரே சேனல் எழுதியது. இரண்டு முறையும் அதன் கையிலிருந்த அளவுகோல் டபிள்யூ.டபிள்யூ.இ.தான். போன குத்தகைதாரர் கொடுத்த வாடகையைப் புதியவரிடமும் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

அரங்கின் நிலை இந்தச் சார்பை இன்னும் இறுக்கியது. ஒளிப்பதிவு ஒர்லாண்டோவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் நடந்தது; அனுமதி இலவசம். கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் ஏறிவிட்டு நிழலுக்கு வந்த சுற்றுலாக் குடும்பமும் வாரம் தவறாமல் வந்த தீவிர ரசிகரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். செலவைக் குறைத்த ஏற்பாடுதான் அது. ஆனால் சீட்டு வாங்காத கூட்டம் ஒரு நிறுவனத்துக்கு எதையும் மறுக்க முடியாது. இ.சி.டபிள்யூ.வின் ஃபிலடெல்ஃபியா பிங்கோ கூடத்தில் பிடிக்காத ஆட்டத்தைக் கூட்டம் கூச்சலிட்டே கொன்றுவிடும். அடுத்த மாத வசூல் அந்தக் கூச்சலில் இருந்ததால் நிர்வாகம் காது கொடுத்தது. ஒர்லாண்டோவிலும் கூச்சல் எழுந்தது, ஆனால் அதற்கு விலை இல்லை. மாதாந்தரக் கட்டணக் காட்சிகளின் வருமானம் தொடர்ந்தாலும், நிறுவனத்தின் உயிரைப் பிடித்திருந்த வாடிக்கையாளர் என்று மிஞ்சியது சேனல் மட்டுமே.

அந்த வாடிக்கையாளருக்குப் புரியும் மொழி தெரிந்த முகங்கள். கிறிஸ்டியன் கேஜ், ஸ்டிங், கர்ட் ஆங்கிள், புக்கர் டி என்று வரிசையாக வந்தார்கள். இவர்களைப் பொத்தாம்பொதுவாகப் பழிப்பது நியாயமல்ல. ஆங்கிள் ஜோவுடனும் ஸ்டைல்ஸுடனும் ஆடிய ஆட்டங்கள் அவர்களை உயர்த்தவே செய்தன. நிகழ்ச்சி நள்ளிரவை ஒட்டிய சனிக்கிழமை நேரத்திலிருந்து வியாழன் முன்னிரவுக்கு நகர்ந்ததும், 2007 அக்டோபரில் இரண்டு மணி நேரமாக விரிந்ததும் இந்த வளர்ச்சியின் பலன்கள்.

வளர்ச்சி உச்சத்தைத் தொட்டு உடைந்த இடம் 2010 ஜனவரி 4. அன்றைய திங்கள் இரவு டி.என்.ஏ. ‘ரா’வுக்கு நேரெதிரே மூன்று மணி நேர நேரடி ஒளிபரப்பை நடத்தியது. ஹோகன், பிஷாஃப், ரிக் ஃப்ளேர், ஸ்காட் ஹால், கெவின் நாஷ் என்று 1990களின் டபிள்யூ.சி.டபிள்யூ. மொத்தமாகத் திரும்பி வந்தது. அதே இரவில் டபிள்யூ.டபிள்யூ.இ. தன் பங்குக்கு பிரெட் ஹார்ட்டைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அழைத்து வந்தது. டி.என்.ஏ.வின் நிகழ்ச்சி ஸ்டைல்ஸும் ஆங்கிளும் மோதிய ஆட்டத்துடன் முடிந்தது. அந்த இரவில் டி.என்.ஏ. என்ற பெயருக்குத் தகுதியான பகுதி அதுதான், அது கடைசியில் வந்தது. அதே மாதம் அறுகோண ரிங் அகற்றப்பட்டது. ஆறு பக்கம் வேண்டும் என்று அரங்கம் முழக்கமிட, ஹோகன் மேடையிலேயே மறுத்தார். நிறுவனம் தானே வளர்த்த ஒரே பெருநட்சத்திரமான ஸ்டைல்ஸுக்கு ஃப்ளேரின் பாணியில் பளபளக்கும் அங்கி மாட்டிவிட்டார்கள். சொந்தப் பிள்ளைக்கு அயலாரின் பழைய உடுப்பு. மார்ச்சில் நிகழ்ச்சியைத் திங்களுக்கே மாற்றினார்கள். பார்வையாளர் சரிந்து, மே மாதம் வியாழனுக்குத் திரும்பினார்கள்.

ஹோகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் ‘ரா’வுடன் ஒப்பிட்டே தன்னை விற்றாக வேண்டிய நிறுவனத்துக்கு ‘ரா’ ஓடும் நேரத்தில் மோதிப் பார்ப்பது தர்க்கப்படி அடுத்த படி. கேரலின் கோட்பாட்டில் உள்ள விடுபடல் இங்கே தெரிகிறது. ஓரத்தில் ரசிகர்கள் காத்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே, நடுச்சந்தையை மட்டுமே அறிந்த ஒரு கொள்முதல்காரர் நின்றால் ஓரத்தில் தழைக்க வழியில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: பெண்கள் பிரிவான நாக்அவுட்ஸ் இதே ஸ்பைக் காலத்தில்தானே உருவானது? உண்மைதான். 2007 அக்டோபரில் கெயில் கிம் அதன் முதல் சாம்பியன் ஆனார். கிம்மும் ஆசம் காங்கும் மோதிய தொடர், ‘திவா’ என்ற பெயரில் பெண்களைச் சில நிமிட இடைவேளைக் காட்சியாக நடத்திய டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு நேர்ப்பதிலாக அமைந்தது. ஆனால் இந்தப் பிரிவு உருவானது மேல்தட்டில் இடம்பிடித்த பழைய நட்சத்திரங்கள் யாரும் குறி வைக்காத நேரத்தில். நிர்வாகத்தின் கண் படாத இடத்தில்தான் அடையாளம் பிழைத்தது என்பது என் துணிபு. 2016இல் டபிள்யூ.டபிள்யூ.இ. ‘திவா’ பட்டத்தைக் கைவிட்டுப் பெண்கள் ஆட்டத்துக்கு உரிய நேரம் கொடுக்கத் தொடங்கியபோது, டி.என்.ஏ. முன்பே நடந்து காட்டிய வழி அது என்று அங்கே யாரும் நன்றி சொல்லவில்லை. அதே ஆண்டு ஸ்டைல்ஸ் டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார்.

ஓரத்தின் கண்டுபிடிப்புகளை நடுச்சந்தை இலவசமாக எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் 2017இல் வினோதமான வடிவம் எடுத்தது. முந்தைய ஆண்டு மேட் ஹார்டி வட கரோலினாவிலுள்ள தன் வீட்டிலும் தோட்டத்திலும் எடுத்த ‘ஃபைனல் டெலீஷன்’, ரிங்கையும் அரங்கையும் விட்டு வெளியேறிய பித்தேறிய திரைக்கதை. நீண்ட காலத்துக்குப் பின் டி.என்.ஏ.வைப் பற்றி ஊர் பேசியது. ஹார்டி வெளியேறியதும் அதில் அவர் ஏற்ற கதாபாத்திரத்தின் உரிமை யாருக்கு என்று வழக்கறிஞர்கள் மூலம் தகராறு மூண்டது. அடையாளத்தைச் சொத்துப் பத்திரமாகக் காக்க முயன்ற நிறுவனம், அதை உண்டாக்கும் ஆட்களைத் தக்கவைக்க அதே அக்கறையைக் காட்டியிருக்கலாம்.

ஸ்பைக் 2014இல் கைவிட்டபின் நிறுவனம் சேனல் விட்டுச் சேனல் அலைந்தது. 2017இல் கனடாவின் ஆந்தம் குழுமம் வாங்கியது. 2019இல் அதே குழுமம் ஏ.எக்ஸ்.எஸ். டி.வி.யையும் வாங்கியது. சேனலும் மல்யுத்தமும் ஒரே கையில் வந்ததும் ஒப்பீட்டின் நெருக்கடி தளர்ந்தது. 2020 ஜனவரியில் டெஸ்ஸா பிளான்சார்ட், ஆண்களுக்கென்றே இருந்துவந்த உலகப் பட்டத்தை வென்றார். பிற நிறுவனங்களுடன் கதவைத் திறந்துவைத்து, ஏ.இ.டபிள்யூ. என்ற புதிய நிறுவனத்தின் கென்னி ஒமேகா 2021இல் தங்கள் பட்டத்தை வெல்லவும் இடம் கொடுத்தார்கள். பார்வையாளர் குறைவு, ஆனால் நிறுவனம் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்படவில்லை.

ஏ.இ.டபிள்யூ.வோடு ஒப்பிட்டால் வாதம் துலங்கும். அதன் முன்னோடியான 2018 செப்டம்பர் ‘ஆல் இன்’ நிகழ்ச்சிக்குச் சேனல் கிடைக்கும் முன்பே சிகாகோ புறநகர் அரங்கின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் அரை மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. கோடீசுவர முதலீடு பின்னால் வந்தது. சீட்டு வாங்கிய கூட்டம் முன்னால் நின்றது. சேனலிடம் பேரம் பேச அவர்களால் முடிந்தது அதனால்தான். டி.என்.ஏ.விடம் அப்படிக் காட்ட ஒரு கூட்டம் கடைசிவரை சேரவில்லை. இந்தியாவில் செய்த முயற்சியும் அதே கோலம்தான்: புனேயில் படமாக்கி 2012 ஜனவரியிலிருந்து கலர்ஸ் சேனலில் ஓடிய ‘ரிங் கா கிங்’, ஊர் ஊராகக் கூட்டம் திரட்டாமல் ஒரு சேனல் தொடராகவே தொடங்கி ஒரு பருவத்தோடு நின்றது.

2025 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ‘ரா’, பத்தாண்டுகளுக்கு ஐந்நூறு கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. அதே மாதம் டி.என்.ஏ. தன் பழைய எதிராளியுடன் பல்லாண்டுக் கூட்டு ஒன்றை அறிவித்தது. பெரிய அரங்குகளும் புதிய பார்வையாளரும் இதனால் கிடைத்தது மறுக்க முடியாத ஆதாயம். மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பயிற்சிப் பிரிவான என்.எக்ஸ்.டி.யைச் சேர்ந்த டிரிக் வில்லியம்ஸ், என்.எக்ஸ்.டி.யின் மேடையிலேயே ஜோ ஹெண்ட்ரியை வீழ்த்தி டி.என்.ஏ. உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். அக்டோபரில் மைக் சந்தானா அதை மீட்டார்.

ஒமேகாவிடம் பட்டம் போனதும் வில்லியம்ஸிடம் போனதும் ஒன்றல்ல. முன்னதில் இரு நிறுவனங்களுமே ஆதிக்கத்துக்கு வெளியே இருந்தவை. பின்னதில் ஒன்றின் உச்சப் பட்டம் மற்றொன்றின் பயிற்சிப் பிரிவுக்குச் சமமாக வைக்கப்பட்டது. 2002 முதல் ஒப்பீட்டால் அலைக்கழிந்த நிறுவனத்துக்கு இப்போது ஒப்பீடு முடிந்துவிட்டது. கூட்டு ஒப்பந்தமே அதன் தரவரிசையை எழுதிக் கொடுத்துவிட்டது. இதை வளர்ச்சி என்று சொல்லலாம். தனி அடையாளம் என்று சொல்ல இதுவரை சான்று இல்லை.