முன்னால் ஒரு புள்ளி

செங்கல்பட்டு மின்சார ரயில் கூடுவாஞ்சேரி தாண்டி பொத்தேரியில் நின்றால், முதுகில் மடிக்கணினிப் பையோடு ஒரு கூட்டமே இறங்கும். 1985-இல் காட்டாங்குளத்தூரில் தொடங்கிய எஸ்.ஆர்.எம். கல்லூரிக்கு இந்த நிலையம்தான் வாசல். விடுதி அறையில் ஒரு மாணவி லினக்ஸில் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். திரையின் மூலையில் தமிழ் விசைப்பலகைக் குறி தானாக வந்து உட்கார்கிறது. அதை அழைத்தது யார்?

இந்த 'தானாக' என்பதற்கு வயது அறுபதுக்கு மேல். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். இயங்குதளத்தில், கட்டளைகளைக் கோப்பில் வரிசையாக எழுதிவைத்து ஓட்டும் 'ரன்காம்' என்ற வசதி இருந்தது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் கோப்புப் பெயர்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆர்சி' என்ற வால் அதன் சுருக்கம். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஸ்டீபன் போர்னின் ஷெல், பயனர் உள்ளே நுழைந்ததும் '.புரொஃபைல்' கோப்பைப் படித்தது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லுக்கு '.லாகின்', வெளியேறும்போது '.லாகவுட்'.

முன்னால் நிற்கும் அந்தப் புள்ளி ஒரு சோம்பேறித்தனத்தின் மிச்சம். அடைவுக்குள் இருக்கும் '.', '..' என்ற இரண்டு பதிவுகளை மட்டும் மறைக்க நினைத்தவர்கள், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்தார்கள். புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோனது என்று யூனிக்ஸ் நிரலாளர் ராப் பைக் பின்னாளில் எழுதினார். தமிழில் எழுத்தின் தலையில் ஏறும் புள்ளி அகரத்தை விழுங்கும். யூனிக்ஸில் பெயரின் முன்னால் நிற்கும் புள்ளி கோப்பையே விழுங்கிவிட்டது.

தமிழில் தட்டெழுதுபவருக்கு இந்த மறைந்த கோப்புகள் வெறும் வசதி அல்ல. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் 'க'வை இருமுறை தட்டினால் 'க்க' வரும். புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த வேலையைச் செய்யும் நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். இரண்டாயிரங்களில் 'ஸ்கிம்' என்ற உள்ளீட்டு நிரலைப் பயன்படுத்தியவர்கள், உள்ளே நுழைந்ததும் ஓடும் '.எக்ஸ்செஷன்' கோப்பைக் கையால் எழுதினார்கள். எந்த உள்ளீட்டு நிரல் என்று சொல்லும் மாறிகள் முதலில், பிறகு ஸ்கிம், கடைசியில் டெஸ்க்டாப். இந்த வரிசை குலைந்தால் திறக்கும் செயலிகளுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதோடு, இடையில் வரும் நிரல்களைப் பின்னணிக்கு அனுப்ப வரியின் முடிவில் '&' வேண்டும். மறந்தால் அடுத்த வரி காத்துக்கிடக்கும், டெஸ்க்டாப் வராது. டெஸ்க்டாப்பின் வரியிலும் சேர்த்துப் போட்டுவிட்டால் கோப்பு சட்டென முடிந்து, கடவுச்சொல் கேட்கும் திரைக்கே திரும்பத் தள்ளிவிடும். ஒரு குறியால் வந்த வினை என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

இந்தத் தொல்லையைக் குறைக்கும் வேலையில் இதே ரயில் தடத்துக்கும் பங்குண்டு. பொத்தேரியிலிருந்து தாம்பரம் தாண்டிப் போனால் குரோம்பேட்டை. அங்கே அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியனை அடித்தளமாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வந்தது. இந்திய மொழிகளில் எழுதும் வசதியை அதிலேயே சேர்த்துத் தந்தார்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த மாணவர் '&' பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அதற்குள் உலகமும் மாறியிருந்தது. கே.டி.இ. 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு கோப்புறையையே ஒதுக்கியது. ஃப்ரீடெஸ்க்டாப் குழு அதைப் பொதுவிதியாக்கியது: நிரலின் பெயர் எழுதிய சிறு கோப்பை உரிய இடத்தில் போட்டால் போதும். 2010-இல் வந்த சிஸ்டம்டி, எது எதற்குப் பின் தொடங்க வேண்டும் என்ற வரிசையையும் கவனித்துக்கொள்கிறது. ஸ்கிம் இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் ஐபஸ்.

ஆனாலும் பொத்தேரி விடுதி அறையிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைவில் உள்ள உபுண்டு சர்வருக்குள் நுழையும் அந்த மாணவிக்குக் கோப்புறையும் இல்லை, மூலையில் குறியும் இல்லை. கறுப்புத் திரையில் கர்சர் வந்து நிற்பதற்கு முன்னால், அவருடைய வீட்டு அடைவில் ஷெல் தேடிப் படிக்கும் கோப்பின் பெயர் '.புரொஃபைல்'.