ஐகோர்ட் கோபுரத்தில் கலங்கரை விளக்கம்

வியாசர்பாடியில் ஒருவருக்கு வாடகைத் தகராறு வந்தால் சிறுவழக்கு நீதிமன்றம், சொத்துத் தகராறு என்றால் சிட்டி சிவில் கோர்ட், அங்கே தோற்றால் ஐகோர்ட். எந்தப் படி ஏறினாலும் போகவேண்டிய இடம் ஒன்றுதான். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால், பாரிமுனைச் சிவப்புக் கட்டடங்கள் நடக்கிற தூரம். ஒரே மதிலுக்குள் பல நீதிமன்றங்களைக் கூட்டிவைத்த அந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் முப்பது ஆண்டுகள் சொந்தக் கட்டடம் இல்லை. கடற்கரைச் சாலையில், பின்னாளில் கலெக்டர் அலுவலகமாக மாறிய பழைய கட்டடத்தில்தான் வழக்குகள் நடந்தன. கட்டடக் கலைஞர் பிராசிங்டன் வரைந்த திட்டத்தை ஹென்றி இர்வின் திருத்தி முடிக்க, ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி 1888இல் வேலையைத் தொடங்கினார். ஒன்பதரை லட்சம் ரூபாய்க்குள் முடியும் என்று போட்ட கணக்கு, 1892 ஜூலை 12ஆம் தேதி திறப்பு விழா நடந்தபோது ஏறக்குறைய 13 லட்சத்தில் வந்து நின்றது.

இவ்வளவு செலவில் எழுந்த கட்டடம் நீதிமன்றத்துக்கு மட்டும் உழைக்கவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கும் உழைத்தது.

சென்னையின் முதல் கலங்கரை விளக்கு 1796இல் கோட்டைக்குள், வணிகர்கள் கூடிய கட்டடத்தின் மாடியில் எரிந்தது. 1844இல்தான் அதற்கென்று தனியாக ஒரு கல்தூண் கட்டினார்கள். பக்கத்திலேயே ஐகோர்ட் எழும்பியது. அதன் பெரிய கோபுரம் தூணைவிட உயரம். இன்னொரு தூணுக்கு யாரும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. 1894 ஜூன் 1 முதல் விளக்கு ஐகோர்ட் உச்சியில் எரிந்தது. பகலில் கீழே நீதிபதிகள், இரவில் மேலே விளக்கு: ஒருவர் வேலை மற்றவருக்கு இடைஞ்சலே இல்லை. அரசுக் கட்டடங்களில் இடப் பகிர்வு இதைவிடப் பொருத்தமாக அமைந்ததாகச் சொல்வது கடினம். எது எதோடு சேரும் என்று அன்றைய பொறியாளர்கள் பார்த்த பார்வை இன்றைக்கும் வேண்டும்.

பகிர்வில் ஆபத்தும் இருந்தது. முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னையைச் சுட்டபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு ஐகோர்ட் மதிலையும் பதம்பார்த்தது. அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்ததும் கோபுரத்தின் கடல் வேலை முடிந்தது. நிலத்து நெரிசல் முடியவில்லை. வழக்குகள் பெருகப் பெருக வளாகத்துக்குள் குடும்ப நீதிமன்றங்களும் வந்தன. வாகனம் நிறுத்தவும், சாட்சி சொல்ல வந்தவர் உட்காரவும் இடம் தேடவேண்டிய நிலை. அந்த நெரிசலில் நிற்கிறவர் தன் அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்தவர். அவருக்கு ஒரு பெஞ்சாவது போடுவது நியாயம்.

இட நெருக்கடிக்கு ஒரு வழியும் பிறந்தது. 2018இல் ஐகோர்ட் வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாறிப்போனது. அது விட்டுப்போன 1899ஆம் ஆண்டுக் கட்டடத்தை இடிக்காமல் செப்பனிட்டு, நீதிமன்றப் பயன்பாட்டுக்கே ஒதுக்கினார்கள்.