உடைந்த பீங்கானில் ஒரு வாத்துக் கூட்டம்

வடக்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்களுக்கு 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வசந்த பஞ்சமி நெருங்கினால் போதும், பிள்ளையின் டைரியில் குறிப்பு வந்துவிடும்: வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருட்களைக் கொண்டு ஒரு பறவையோ மிருகமோ செய்து எடுத்து வரவும். உடனே அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிப் புது தெர்மாகோல், புது சார்ட், ஜிகினாத் தூள், ஒட்டுகிற கண் எல்லாம் வாங்கி வருவார். கடையில் காசு கொடுத்துக் 'கழிவு' வாங்கி வாத்து செய்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை :-)

இதே வேலையை நிஜமாகவே கழிவில், அதுவும் ஒரு ஊர் மொத்தமும் தூக்கிப் போட்ட கழிவில், செய்து காட்டிய ஒரு மனிதர் சண்டிகரில் இருந்தார். நேக் சந்த். ராக் கார்டன் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். பார்த்தவர்களில் பலருக்குக்கூட அது எவ்வளவு பெரிய சட்டமீறலாகத் தொடங்கியது என்பது தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நேக் சந்த் 1924-ல் பிறந்தவர். ஊர் ஷகர்கட் பக்கம், இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையில் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தது. லாகூர் கைவிட்டுப் போனதால் பஞ்சாபுக்கு ஒரு புதுத் தலைநகரம் வேண்டியிருந்தது. நேரு விரும்பியபடி, பழைய வாசனையே இல்லாத ஒரு நகரத்தை லெ கொர்பூசியே வரைந்து கொடுத்தார். 1950களின் தொடக்கத்தில் அந்தக் கட்டுமானத்தில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார் நேக் சந்த். சின்ன உத்தியோகம், மாதச் சம்பளம், ஒரு சைக்கிள்.

புது நகரம் காலி நிலத்தில் முளைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே கிராமங்கள் இருந்தன. அவற்றை அப்புறப்படுத்தித்தான் செக்டர் செக்டராகக் கோடு போட்டார்கள். வீடு இடிந்தால் என்ன மிஞ்சும்? உடைந்த பானை, பீங்கான் தட்டு, ஓடு, வளையல் துண்டு. ஊரை விட்டு வந்த இந்த மனிதருக்கு, ஊரை விட்டு அனுப்பப்பட்ட இன்னொரு கூட்டத்தின் சட்டிபானைகள் கண்ணில் பட்டன. வேலை முடிந்த பிறகு அவற்றைச் சைக்கிளில் கட்டி எடுத்துவர ஆரம்பித்தார். சிவாலிக் மலையடிவாரத்து ஆற்றுப் படுகைகளில் விசித்திர வடிவக் கற்களையும் பொறுக்கினார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த அரசுக் காட்டில் ஒரு குடிசை போட்டு எல்லாவற்றையும் சேர்த்தார். இது 1957, 58 வாக்கில்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் உதவும். முதலில் எலும்புக்கூடு. அதற்குப் பழைய இரும்புக் கம்பி, குழாய், உடைந்த சைக்கிள். சைக்கிளின் ஃபோர்க் மிருகத்தின் காலானது, சீட் அதன் தலையானது. சைக்கிள் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், மாட்டு முகம் தெரிகிறதா இல்லையா? எலும்பின் மேல் சிமெண்ட் பூசிச் சதை பிடிக்க வைப்பார். அது இறுகுவதற்குள் மேல்தோலாக உடைந்த பீங்கானையோ, ஓட்டையோ, வளையல் துண்டுகளையோ நெருக்கமாகப் பதிப்பார். குளியலறைத் தொட்டியும் வாஷ் பேசினும் உடைந்த துண்டுகள் வாத்துக்கு வெள்ளை இறகு. கண்ணாடி வளையல்கள் மயிலுக்கும் நடனப் பெண்களின் பாவாடைக்கும். ஃபியூஸ் கட்டையும் பிளக் பாயின்ட்டும் சுவருக்கு அலங்காரம். தையல்காரர்களின் வெட்டுத்துணியில் ஆளுயரத் துணிப் பொம்மைகளும் செய்தார். சாலை வேலைக்கு வந்த காலி தார் டிரம்களை அடுக்கி மதில் எழுப்பினார்.

ஒரு பொம்மை செய்து நிறுத்துகிறவர் இல்லை அவர். குரங்கென்றால் ஒரு படை. கரடி, வாத்து, எல்லாமே வரிசை வரிசையாகத்தான். ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இராது. தனியாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். கூட்டமாக நிற்கும்போது அவை நம்மைப் பார்ப்பது போலிருக்கும், கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். கொலுவில் பார்க் வைத்துப் பழகிய நம் வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்ததும் ஏன் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

இரவிலும் விடுமுறை நாட்களிலும் செய்த வேலை இது. பதினைந்து வருடத்துக்கு மேல் அரசுக்குத் தெரியாமலே நடந்தது. தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். எழுபதுகளில் அதிகாரிகளின் கண்ணில் பட்டபோது, காட்டுக்குள் பல ஏக்கருக்கு முற்றம் முற்றமாக ஒரு பொம்மை ராஜ்ஜியம் நின்றது. ஃபைலின் படி பார்த்தால் பதில் ஒன்றுதான்: ஆக்கிரமிப்பு, இடித்துத் தள்ளு. நானும் ஃபைலில் காலம் தள்ளுகிறவன், அந்தக் குறிப்பை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தெரியும். எழுதாமல் இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். சிலர் அந்தத் தைரியத்தைக் காட்டினார்கள். சேதி பரவி ஜனங்களும் பார்க்கக் குவிந்துவிட்டார்கள். 1976-ல் தோட்டம் முறைப்படி திறக்கப்பட்டது. குற்றவாளியாகியிருக்க வேண்டியவருக்குச் சம்பளம், பதவி, கீழே ஐம்பது தொழிலாளர்கள். நகரமெங்கும் கழிவு சேகரிக்கும் இடங்களும் அமைத்துக் கொடுத்தார்கள்.

வங்கியில் ஒரு நாற்காலிக்கு வருடா வருடம் தேய்மானம் போட்டுக் கடைசியில் ஒரு ரூபாய் மதிப்பில் ஏட்டில் நிறுத்துவோம். அந்த ஒரு ரூபாய் எதற்கு? பொருள் இன்னும் இருக்கிறது, கணக்கிலிருந்து காணாமல் போகக் கூடாது என்பதற்காக. உடைந்த கோப்பைக்கு அந்த ஒரு ரூபாயையும் யாரும் எழுதுவதில்லை. நேக் சந்த் எழுதினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு புகழ் வந்தது. 1983-ல் தபால் தலை, 1984-ல் பத்மஸ்ரீ, வாஷிங்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு இவர் பொம்மைகளால் ஒரு தோட்டம். இதையெல்லாம் விக்கிப்பீடியாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகழ் வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை என்பதுதான் சொல்ல வேண்டியது. 1990 வாக்கில் பக்கத்து உயர்நீதிமன்ற வளாகத்துக்காகத் தோட்டத்தினூடே சாலை போட புல்டோசர்கள் வந்தன. ஊர் ஜனங்கள் குறுக்கே நின்று திருப்பி அனுப்பினார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்துச் சிலைகளை அடித்து நொறுக்கினார்கள். கழிவில் செய்தது மறுபடி கழிவானது. அவர் திரும்பி வந்து மறுபடி வேலையைத் தொடர்ந்தார். 2015 ஜூன் மாதம் தொண்ணூறு வயதில் காலமானார்.

அவர் இல்லாத பத்தாவது வருடம், 2025 மார்ச்சில், நீதிமன்றப் பக்கத்துச் சாலையையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் விரிவாக்க ராக் கார்டன் மதிலின் ஒரு பகுதியை இடித்தார்கள். மரங்களும் போயின. ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் இந்த முறை புல்டோசர் திரும்பிப் போகவில்லை.

டெல்லி, சண்டிகர் பக்கம் இருப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய் வாருங்கள். குளிர் விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, ரோஜாத் தோட்டமும் பூத்திருக்கும். வாசல்களை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார், தலை குனிந்துதான் நுழைய வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.