ஒரு காசுக்கு 12 ரொட்டி

ஆஃபாவின் வெள்ளிப் பென்னியை உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. மெல்லிய தகடு, எடை ஒன்றேகால் கிராமுக்குச் சற்றுக் கூடுதல். 757 முதல் 796 வரை நடு இங்கிலாந்தின் மெர்சியாவை ஆண்ட ஆஃபா, கடலுக்கு அக்கரையிலிருந்த ஃபிராங்கியர் காசைப் பின்பற்றி இதை அடிக்கச் செய்தான். ஒரு பக்கம் அரசன் பெயர், மறுபக்கம் காசு அடித்த கம்மியன் பெயர். மாற்று குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பது காசிலேயே இருந்தது.

கேன்டர்பரியில் இயோபா என்ற கம்மியன் அடித்த சில காசுகளில் சுருள் கூந்தலோடு ஒரு பெண் முகம். ஆஃபாவின் மனைவி சினித்ரித். ஆங்கிலோ-சாக்சன் அரசியரில் தன் பெயரில் காசு கண்டவள் இவள் ஒருத்திதான்.

அக்கரையில் ஃபிராங்கிய மன்னர் சார்லமேன் 793-94 வாக்கில் தன் காசின் எடையை ஏறத்தாழ 1.7 கிராமாக உயர்த்தினார். 12 காசு ஒரு சாலிடஸ், 240 காசு ஒரு பவுண்டு. பிரிட்டன் இந்தக் கணக்கை 1971 வரை கைவிடவில்லை.

புதுக் காசை மக்கள் உடனே ஏற்கவில்லை போலும். சார்லமேனின் 794ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் ஆணை, வாங்க மறுப்பவருக்கு 15 சாலிடஸ் தண்டம் விதித்தது. மறுத்தவர் அடிமையானால் ஊரறியக் கட்டிவைத்து அடி. அதே ஆணை ரொட்டிக்கும் விலை வைத்தது: ஒரு காசுக்கு இரண்டு பவுண்டு எடையுள்ள கோதுமை ரொட்டி 12, ஓட்ஸ் ரொட்டி என்றால் 25. போர்களைவிட இந்த ஒரு வரி அந்தக் காலத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. ஒரே ஒரு ரொட்டி வாங்க வந்தவளுக்கு இந்தக் காசு எவ்வளவு பெரியது! பிற்காலத்தில் இங்கிலாந்தில் பென்னியைச் சிலுவைக் கோட்டின் வழியே பாதியாகவும் காலாகவும் வெட்டியே சில்லறை ஆக்கினார்கள்.

வெள்ளியில் கலப்படம் செய்த கம்மியனுக்கு 10ஆம் நூற்றாண்டு ஆங்கில மன்னன் எதெல்ஸ்டனின் சட்டம் கொடூரமானது. கையை வெட்டி அக்கசாலையின் மேலேயே அறைந்து வைக்கச் சொன்னது.

இத்தனை கண்டிப்போடு காத்த வெள்ளி கப்பலேறியது. 991இல் இங்கிலாந்து வைக்கிங்குகளுக்குக் கப்பமாகக் கொடுத்த தொகை 10,000 பவுண்டு. பென்னிக் கணக்கில் 24 லட்சம். அந்தக் காலத்து ஆங்கிலக் காசுகள் இன்று இங்கிலாந்தைவிட ஸ்காண்டிநேவிய மண்ணில்தான் அதிகம் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் சின்னச் சின்ன வடுக்கள். வாங்கியவன் பெயரைப் படிக்கவில்லை. கத்தி முனையால் குத்தி, உள்ளே வெள்ளிதானா என்று பார்த்திருக்கிறான்.