பெஞ்சில் உட்காராத பிள்ளைகள்

மணப்பாட்டுக்குப் போயிருக்கிறீர்களா? திருச்செந்தூரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணல் குன்று. மேலே திருச்சிலுவைக் கோயில். பக்கத்திலேயே ஒரு குகை. புனித சவேரியார் தங்கிய இடம் என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள்.

1542 அக்டோபரில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார் சவேரியார். தமிழ் தெரியாது. கையில் ஒரு மணி. அதை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடப்பார், பிள்ளைகள் கூடிவிடும். அந்த மாதமே தூத்துக்குடியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செல்லப் புகார் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் என்னை ஜெபம் சொல்ல விடுவதில்லை, சாப்பிட விடுவதில்லை, படுக்க விடுவதில்லை. புதிதாக ஏதாவது சொல்லிக்கொடு என்று நச்சரிக்கிறார்கள் என்கிறார்.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சுற்றுவட்டாரத்து நோயாளிகள் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். இருப்பதோ ஒரே ஆள். ஜெபம் மனப்பாடமாகிவிட்ட பிள்ளைகளை வீடு வீடாக ஓடச் சொல்லிவிட்டார். 1544 ஜனவரியில் எழுதிய இன்னொரு கடிதத்தில் இதைப் பெருமையாகவே சொல்கிறார்.

அந்தப் பிள்ளைகளுக்கு என்னவோ கோளாறு என்று சொல்ல வரவில்லை. 480 வருஷத்துக்கு முந்தைய பொடிசுகளுக்கு மருந்துச்சீட்டு எழுதுவது அபத்தம். ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓடுகிற காலைக் கட்டிப்போடாமல், ஓட்டத்தையே வேலையாகக் கொடுத்தார் அவர்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. கூடவே பெஞ்சும் வந்தது. ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால்தான் நல்ல பிள்ளை! 1840-களில் ஹைன்ரிச் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் டாக்டர் சின்னப் பிள்ளைகளுக்காக எழுதிய படக்கதைகளில் ஃபிலிப் என்று ஒரு பையன். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேஜை விரிப்பைத் தட்டுமுட்டோடு இழுத்துக்கொண்டு விழுவான். நம் வீடுகளில் அவனுக்கு ஆயிரம் பெயர். வாலு, அறுந்த வாலு, 'கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு திரியுது'. இதே தொல்லை உள்ளவள் பெண்ணாக இருந்தால் பல நேரம் ஓட மாட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி எங்கேயோ இருப்பாள். அவளுக்கு 'மந்தம்' என்று பெயர். அது இன்னும் மோசம்.

1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட 43 குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். அறிவில் குறை இல்லை, ஆனாலும் தன்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றார். அவர் வைத்த பெயரில் 'ஒழுக்கம்' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பசை இன்றைக்கும் போகவில்லை. 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ல்ஸ் பிராட்லி, சிகிச்சை இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனையால் வந்த தலைவலி தீரட்டும் என்று பென்செட்ரின் கொடுத்தார். தலைவலி என்னவோ அப்படியே இருந்தது. ஆனால் பாதிப் பிள்ளைகள் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டார்கள்! 'கணக்கு மாத்திரை' என்று பிள்ளைகளே பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஏ.டி.ஹெச்.டி. என்ற நான்கெழுத்துப் பெயர் 1987-ல்தான் மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்.

பள்ளிக்கூடம்தான் இந்த நோயைக் கண்டுபிடித்தது என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெஞ்சை எடுத்துவிட்டாலும், ரோட்டில் வண்டி வருவதைப் பார்க்காமல் குறுக்கே ஓடும் பையன் ஓடத்தான் செய்வான். நாற்பது வயதில் கரண்ட் பில் கட்ட மறந்து மறந்து வீட்டில் திட்டு வாங்குகிறவருக்கும் பெஞ்சுக்கும் சம்பந்தமில்லை. உலக அளவில் பிள்ளைகளில் 5 சதவீதம் பேருக்கு என்று 2007-ல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். 2013-ல் வெளியான கோவை ஆரம்பப் பள்ளிகளின் ஆய்வு 11 சதவீதம் என்றது. எது சரியோ, வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவில் பெற்றோர்கள் பேசினார்கள். 1987-ல் ஃப்ளோரிடாவில் 'சாட்' என்ற சங்கம் பிறந்தது. 1990-ல் அங்கே சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது எங்கள் பிள்ளைகளையும் சேருங்கள் என்று கேட்டார்கள். எதிர்ப்பும் பலமாக இருந்தது. கடைசியில் 1991 செப்டம்பரில் கல்வித் துறை ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பியது. இந்தப் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு என்றது. நாலே வருஷத்தில் வெற்றி! அதே சங்கம் ரிட்டலின் மாத்திரை தயாரித்த கம்பெனியிடமிருந்து லட்சக்கணக்கான டாலர் நன்கொடை வாங்கியது 1995-ல் வெளியே வந்து நாறியது வேறு கதை. காமர்ஸ் படித்தவன் என்பதால் சொல்கிறேன், எந்தச் சங்கத்தைப் புகழும் முன்பும் வரவுப் பக்கத்தை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

நம் ஊரிலும் பெற்றோர்கள் பேசியிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. டெல்லியில் ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் திரண்டார்கள். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழே வகைதான். ஆட்டிசமும் இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை. 2016-ல் புதுச் சட்டம் வந்தபோது பட்டியல் 21 ஆனது. இரண்டும் ஏறிவிட்டன. தேர்வில் கூடுதல் நேரமா, எழுதிக்கொடுக்க ஆளா, கேட்கச் சட்டத்தில் பிடி கிடைத்தது.

ஏ.டி.ஹெச்.டி.? அந்தப் பட்டியலில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2013-ல் மத்திய அரசு பிள்ளைகளின் உடல்நலத்துக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் தேட வேண்டிய 30 கோளாறுகளில் ஏ.டி.ஹெச்.டி. பெயர் சொல்லியே இருக்கிறது! ஆக, சுகாதாரத் துறை 'இருக்கிறது, கண்டுபிடி' என்கிறது. மூன்று வருஷம் கழித்து வந்த சட்டமோ அதன் பெயரையே எடுக்கவில்லை.

மணப்பாட்டுப் பள்ளியில் ஒரு பையனை அந்தக் குழு அடையாளம் காண்கிறது என்று வையுங்கள். மாவட்ட மையத்துக்குப் போகச் சொல்வார்கள். தூத்துக்குடி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அப்பா கடலுக்குப் போயிருப்பார். அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும். டாக்டர் மீத்தைல்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்தால், அது போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. தெருமுனை மெடிக்கலில் வாங்கிவிட முடியாது. எல்லாம் முடிந்து ஊர் திரும்பினால், 'நாலு போடு போட்டா சரியாயிடும், இதுக்குப் போயி டாக்டரா?' என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்பார். அறுபது கிலோமீட்டரைவிட அந்தக் கேள்விதான் அவளைச் சோர வைக்கும்.

மாத்திரையால் பாதி வேலைதான் ஆகும். மிச்சம், வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, முதல் பெஞ்சில் உட்கார வைப்பது, நடுவில் சாக்பீஸ் எடுத்துவர அனுப்புவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள். டீச்சருக்கும் பாட்டிக்கும் இதை எடுத்துச் சொல்ல, அதே பாடு பட்ட இன்னொரு அம்மாவால்தான் முடியும். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து கூடும் 'அன்பியம்' உண்டு. பாய் விரித்து உட்கார்ந்து ஜெபம் சொல்வார்கள், நல்லது கெட்டது பேசுவார்கள். பெற்றோர் குழுவுக்குத் தனியாக ஹால் தேட வேண்டியதில்லை.

2016 சட்டத்தின் அட்டவணையில் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. நாடாளுமன்றத்தில் இன்னொரு மசோதா தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும். டிஸ்லெக்சியா பெற்றோர் சென்னையில் முதலில் கூடியதிலிருந்து சட்டத்தில் பெயர் ஏறும் வரை இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அப்போது இப்படி ஒரு வரி அவர்கள் கையில் இல்லை.